ஷாம்பு பாட்டிலாக வந்த பாக்டீரியா: பயோபால் பிளாஸ்டிக், ஒரு நிகழ்வு ஆய்வு

1990-இல் ஜெர்மனியில் வெல்லா நிறுவனம் ஒரு ஷாம்பூவைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஷாம்பூவில் புதுமை ஒன்றும் பெரிதாக இல்லை. பாட்டில்தான் புதுசு. அது கச்சா எண்ணெயிலிருந்து வந்ததல்ல. சர்க்கரையைத் தின்ற பாக்டீரியாவின் வயிற்றிலிருந்து வந்தது. செய்தது இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. என்ற இரசாயன நிறுவனம். அந்தப் பிளாஸ்டிக்குக்கு அது வைத்த பெயர் பயோபால். அடுத்த இருபத்தாறு ஆண்டில் இந்தத் தொழில்நுட்பம் நான்கு முறை கைமாறியது, இரண்டு முறை நிறுத்தப்பட்டது.

இங்கே பேசப்போவது அந்தப் பயணத்தைப் பற்றி. முடிவெடுத்தவர்களின் பெயர் நமக்குத் தேவையில்லை. எந்தக் கட்டத்தில், எதைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன முடிவெடுத்தார்கள் என்பதுதான் இந்தத் துறையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

பின்னணி

சில பாக்டீரியாக்கள் தங்கள் செல்லுக்குள் ஒருவகைப் பாலியெஸ்டரைச் சேர்த்துவைக்கின்றன என்பதை பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த மொரீஸ் லெமுவான் 1920-களின் நடுவில் கண்டறிந்தார். பாலிஹைட்ராக்சிபியூட்டரேட் என்பது முழுப்பெயர், சுருக்கமாக பி.எச்.பி. நாம் குதிரில் நெல் சேர்ப்பதுபோல, பாக்டீரியாவுக்கு இது சேமிப்பு. ஆனால் அது சேமிக்கும் நேரம் விசித்திரமானது. கார்பன் தாராளமாகக் கிடைத்து, நைட்ரஜனோ பாஸ்பேட்டோ தீர்ந்துபோகும்போதுதான் சேமிக்கத் தொடங்கும். பானை நிறையச் சோறு, உப்பு மட்டும் இல்லை என்ற நிலைமை. புதுச் செல் கட்ட முடியாது. வந்த சர்க்கரையை வீணாக்கவும் மனமில்லை. உருண்டை பிடித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பளிச்சென்று மின்னும் சிறு உருண்டைகள் தெரியும். நன்றாக ஊட்டிய செல்லில் அவற்றைத் தவிர வேறு எதற்கும் இடமே இருக்காது.

முப்பது ஆண்டுக்கும் மேல் இது ஆய்வக வேடிக்கையாகவே இருந்தது. 1960 வாக்கில் அமெரிக்காவின் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனம் கொஞ்சம் தயாரித்து, அறுவைத் தையல் நூலுக்கு ஆகுமா என்று பார்த்தது. விளைச்சல் குறைவு, செல்லின் அழுக்கை நீக்க நல்ல வழியில்லை என்று கைவிட்டது. இந்த இரண்டு காரணங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் காரணம் பத்திருபது ஆண்டில் தீர்ந்துவிட்டது. இரண்டாவது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஐ.சி.ஐ. போன்ற நிறுவனங்களுக்கு, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாஃப்தா கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் எதிலிருந்து செய்வது என்ற பயம் பிடித்தது. அதே நேரத்தில் வடகிழக்கு இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் அந்த நிறுவனம் வேறொரு பாக்டீரியாவை மெத்தனாலில் வளர்த்து, புரூட்டீன் என்ற கால்நடைத் தீவனம் செய்யும் திட்டத்தில் இறங்கியிருந்தது. 1,500 கன மீட்டர் தொட்டி. அந்தத் தீவனத்தைச் சோயா விலை கொன்றுவிட்டது. ஆனால் பெருந்தொட்டியில் பாக்டீரியா வளர்க்கத் தெரிந்த ஆட்கள் நிறுவனத்தில் மிஞ்சினார்கள். (அங்கிருந்த முன்னோடித் தொட்டி ஒன்றில்தான் பிறகு குவோர்ன் என்ற பூஞ்சை உணவு வளர்ந்தது. பில்லிங்ஹாம் தொட்டிகளின் கதையைத் தனியாகவே எழுதலாம்.) பயம் ஒரு பக்கம், கைப்பழக்கம் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்ததில் பிறந்தது பயோபால்.

எந்தப் பாக்டீரியா?

குழுவின் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது மெத்தனால் தின்னும் பாக்டீரியா. மெத்தனால் அவர்களுடைய சொந்தச் சரக்கு, தொட்டி அனுபவமும் இருந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் அதில் விளைச்சல் குறைவு. கிடைத்த பாலிமரின் சங்கிலிகளும் குட்டையாக இருந்தன. இரண்டாவது அசோட்டோபாக்டர். அது கொடுத்த சர்க்கரையில் ஒரு பகுதியைக் கொழகொழப்பான பாலிசாக்கரைடாக மாற்றிக்கொண்டது. மூன்றாவது அல்காலிஜெனிஸ் யூட்ரோஃபஸ். (பிற்காலத்தில் ரால்ஸ்டோனியா, வாட்டர்சியா என்று பெயர் மாறி மாறி இப்போது கியூப்ரியாவிடஸ் நெகேட்டர். பழைய கட்டுரை படிக்கிறவர்கள் நான்கும் ஒன்றே என்று தெரிந்துகொண்டால் போதும்.) ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் தின்றே வாழக்கூடிய ஜீவன் அது. குளுக்கோஸ் அதற்கு இயல்பான உணவல்ல. குளுக்கோஸைத் தின்னும் திரிபு ஒன்றை எடுத்து வளர்த்தார்கள்.

தன் சொந்த மூலப்பொருளைத் தள்ளிவிட்டு, வெளியில் விலைகொடுத்து வாங்க வேண்டிய சர்க்கரையைத் தேர்ந்தெடுப்பது ஒரு நிறுவனத்துக்கு எளிதல்ல. அதைச் செய்தார்கள். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் மதிப்பு உள்ள முடிவு இதுதான்.

தொட்டிக்குள் நடந்தது

நொதித்தலை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் எல்லாச் சத்தும் கொடுத்துச் செல்களைப் பெருக்குவது. பாஸ்பேட்டை மட்டும் அளந்து போடுவார்கள். எவ்வளவு செல் வேண்டுமோ அந்த அளவு வந்ததும் அது தீர்ந்துபோகும். அதன்பிறகு இரண்டாம் கட்டம், குளுக்கோஸ் மட்டும். பெருக முடியாத செல்கள் கொழுக்கும். கடைசியில் உலர்ந்த எடையில் 70 முதல் 80 சதவீதம் வரை பிளாஸ்டிக்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். குளுக்கோஸ் பி.எச்.பி.யாக மாறும் வழியில் கார்பனின் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். இழப்பே இல்லாமல் எல்லாம் நடந்தாலும் ஒரு கிலோ சர்க்கரைக்கு 0.48 கிலோ பிளாஸ்டிக்தான். செல் வளரவும் மூச்சுவிடவும் செலவாவதைச் சேர்த்தால், ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கு மூன்று கிலோ சர்க்கரை என்று வைத்துக்கொள்ளலாம். எத்திலீனிலிருந்து பாலித்தீன் செய்கிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு கிலோ போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். பாக்டீரியா எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த வேதியியலை மீற முடியாது.

அச்சு எந்திரத்தில் நடந்தது

தூய பி.எச்.பி.யைத் தாளில் பார்த்தால், எண்ணெயிலிருந்து செய்யும் சாதாரணப் பிளாஸ்டிக்கான பாலிபுரொப்பிலீனுக்குத் தம்பி. உருகுநிலை, விறைப்பு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். எந்திரத்தில் போட்டால்தான் குணம் தெரியும். உருகுவது 175 முதல் 180 டிகிரியில். அதைத் தாண்டிக் கொஞ்சம் சூடு ஏறினாலே சங்கிலிகள் அறுந்து குரோட்டோனிக் அமிலம் வெளிவரும். எந்திரத்தைச் சுற்றி ஒரு புளித்த நெடி. உருக்கவும் வேண்டும், கெடாமலும் இருக்க வேண்டும் என்றால் ஆப்பரேட்டருக்குக் கிடைப்பது சில டிகிரி இடைவெளி. பாலித்தீன் ஓட்டிப் பழகியவர் சரக்கு சரியாகப் பாயவில்லை என்றால் சூட்டை ஏற்றுவார். இங்கே ஏற்றினால் போச்சு.

அடுத்தது, ஆறும்போது இறுகுவதில் தாமதம். அச்சிலிருந்து எடுத்த பொருள் பிசுபிசுவென்று ஒட்டும். படிகம் சீக்கிரம் தொடங்க போரான் நைட்ரைடு தூளைக் கலந்தார்கள். மூன்றாவது சிக்கல்தான் மோசமானது. வார்த்த அன்றைக்கு ஓரளவு வளைந்துகொடுத்த தகடு, அலமாரியில் சும்மா கிடந்தாலே நாளாக நாளாக இன்னும் படிகமாகிக்கொண்டு போகும். சில வாரம் கழித்து எடுத்து வளைத்தால் அப்பளம். பாலிபுரொப்பிலீன் அறுவதற்குமுன் பல மடங்கு நீளும்; இது ஐந்து சதவீதம் நீளுவதற்குள் முறிந்துவிடும்.

தீர்வு பாக்டீரியாவிடமே இருந்தது. இரண்டாம் கட்டத்தில் குளுக்கோஸுடன் புரொப்பியோனிக் அமிலத்தையும் கொடுத்தால், பாக்டீரியா சங்கிலியின் இடையிடையே வேலரேட் என்ற சற்றுப் பெரிய அலகைக் கோத்துவிடும். வரிசை கலைவதால் படிகம் குறையும், உருகுநிலை இறங்கும், பொருள் வளையும். பி.எச்.பி.வி. என்ற இந்தக் கலப்புப் பாலிமர்தான் பயோபாலாகச் சந்தைக்கு வந்தது. அமிலத்தின் அளவை மாற்றினால் பிளாஸ்டிக்கின் குணம் மாறும்; தொட்டியில் போடும் தீனியை வைத்தே பொருளை வடிவமைக்கலாம். அன்றைக்கு இது பெரிய விஷயம்.

விலையும் அதற்கேற்பத்தான். புரொப்பியோனிக் அமிலம் குளுக்கோஸைவிட விலை கூடியது. அளவு மிஞ்சினால் பாக்டீரியாவுக்கே நஞ்சு, அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். விட்டதிலும் ஒரு பகுதியைப் பாக்டீரியா எரித்துவிடும், எல்லாம் வேலரேட்டாகாது.

பிரித்தெடுப்பது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். தொட்டியிலிருந்து வருவது பிளாஸ்டிக் அல்ல, பிளாஸ்டிக்கை வயிற்றில் வைத்திருக்கும் செல்களின் குழம்பு. ஆய்வகத்தில் செய்வதுபோல குளோரோஃபார்மில் கரைத்து எடுத்தால் வெள்ளை வெளேரென்ற தூய பாலிமர் கிடைக்கும். ஆனால் ஐந்து சதவீதம் கரைந்தாலே கரைசல் பாகுபோலக் கெட்டியாகிவிடும், வடிகட்ட முடியாது. அதனால் ஒரு பங்கு பிளாஸ்டிக்குக்கு இருபது பங்கு கரைப்பான். பசுமைப் பிளாஸ்டிக் என்று சொல்லிக்கொண்டு குளோரின் கரைப்பானை டன் டன்னாகக் கொதிக்கவைப்பதில் உள்ள அபத்தம் குழுவுக்குத் தெரியாமல் இல்லை.

ஆகவே வழியைத் திருப்பிப்போட்டார்கள். பிளாஸ்டிக்கைக் கரைக்க வேண்டாம், மற்ற எல்லாவற்றையும் கரைப்போம். செல்களைச் சூடாக்கி உடைத்து, புரதம் அரிக்கும் என்சைம்களும் சோப்பு வகைப் பொருளும் சேர்த்து, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுத்து, தண்ணீரிலேயே முடித்தார்கள். சரியான முடிவு. ஆனாலும் ஒவ்வொரு படியும் செலவு, ஒவ்வொரு படியிலும் கழிவுநீர். செல்லில் பிளாஸ்டிக் 80 சதவீதம் என்றால் மிச்சம் 20-ஐக் கழுவினால் போதும். 50 சதவீதம் என்றால் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ கழிவைக் கழுவ வேண்டும். தொட்டியில் விளைச்சல் ஏன் உயிர்நாடி என்பது இந்தக் கணக்கில்தான் புரியும்.

சந்தையில்: 1990 முதல் 1998 வரை

திட்டம் தொடங்கியபோது இருந்த காரணம் பாட்டில் வெளிவந்தபோது இல்லை. 1986-இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது. எண்ணெய் தீரும் என்று தொடங்கிய பொருளைக் குப்பை மக்கும் என்று விற்க வேண்டியதாயிற்று. பொருள் மாறவில்லை, விற்கும் காரணம் மாறியது. அந்தக் காரணத்துக்கு ஏற்ற பொருளா ஷாம்பு பாட்டில் என்று மறுபடி உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

மக்குமா என்றால், மக்கும். மண்ணிலும் நீரிலும் பி.எச்.பி.யைச் செரிக்கும் என்சைம் கொண்ட நுண்ணுயிர்கள் எங்கும் உண்டு. ஒரு பாக்டீரியாவின் சேமிப்பு இன்னொரு பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. சுவிட்சர்லாந்தின் லுகானோ ஏரியில் இந்த பாட்டில்களை 254 நாள் மூழ்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஏரியடிக் குளிரிலும் மெல்லிய படலங்கள் அந்தக் காலத்துக்குள் மறைந்தன. பாட்டில் முழுதாக மறைய ஏறக்குறைய 10 ஆண்டு ஆகும் என்று கணக்கு வந்தது. நுண்ணுயிர்கள் மேற்பரப்பிலிருந்துதான் அரிக்கும், அதனால் தடிமன் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மக்கும் குணத்தை முதலில் காட்டத் தேர்ந்தெடுத்த பொருளோ தடித்த சுவர் கொண்ட பாட்டில்.

1990-களின் நடுவில் பயோபால் கிலோ சுமார் 16 டாலர். பாலிபுரொப்பிலீன் ஒரு டாலரை ஒட்டி. உற்பத்தி ஆண்டுக்குச் சில நூறு டன். உற்பத்தியைப் பெருக்கினால் விலை இறங்கும், விலை இறங்கினால்தான் வாங்குவார்கள், வாங்கினால்தான் பெருக்க முடியும். எல்லாருக்கும் தெரிந்த சுழல்தான். 1993-இல் ஐ.சி.ஐ. இரண்டாகப் பிரிந்து பயோபால் ஜெனிகா பக்கம் போனது. 1996-இல் அமெரிக்காவின் வேளாண் நிறுவனமான மான்சாண்டோ வாங்கியது.

மான்சாண்டோவின் கணக்கு வேறு. பாக்டீரியாவின் மூன்று மரபணுக்கள் போதும், பிளாஸ்டிக் செய்யலாம் என்பது 1980-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. 1992-இல் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஆய்வாளர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். தொட்டியே வேண்டாம், வயலில் விளையட்டும் என்பது யோசனை. முதல் செடிகள் குட்டையாகிப்போயின. உற்பத்தியைப் பசுங்கணிகத்துக்கு மாற்றியதும் உலர் எடையில் 14 சதவீதம் வரை பி.எச்.பி. வந்தது. ஆனால் விற்பனைக்கு வேண்டிய பி.எச்.பி.வி. கலப்பில் செடி மிகச் சொற்பமே கொடுத்தது. 1998-இல் மான்சாண்டோ நிறுத்தியது.

நிறுத்திய கையோடு, 1999-இல் வந்த ஓர் ஆற்றல் கணக்கு துறையையே உலுக்கியது. சோளச் சர்க்கரையில் ஒரு கிலோ பாக்டீரியா பிளாஸ்டிக் செய்ய 2.39 கிலோ புதைபடிவ எரிபொருள், ஒரு கிலோ பாலிஸ்டைரீனுக்கு 2.26 கிலோ என்றது அது. பாக்டீரியா பிளாஸ்டிக்கின் கணக்கில் பெரும்பகுதி நீராவிக்கும் மின்சாரத்துக்கும் எரித்தது. பிறகு வந்த கணக்குகள் பல இந்தப் பொருளுக்குச் சாதகமாகவும் வந்தன. எந்த எரிபொருளில் கொதிகலன் ஓடுகிறது என்று வைத்துக் கணக்குப் போடுகிறோமோ அதைப் பொறுத்து விடை மாறுகிறது. மூலப்பொருள் பசுமை என்பதால் பொருளும் பசுமை என்று யாராவது சொன்னால், கொதிகலனை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் சுற்று: 2001 முதல் 2012 வரை

2001-இல் பயோபால் உரிமைகளை அமெரிக்காவின் மெட்டபோலிக்ஸ் வாங்கியது. மரபணு மாற்றிய பாக்டீரியா அதன் பலம். 2006-இல் தானியப் பெருவணிக நிறுவனமான ஏ.டி.எம்.முடன் சேர்ந்து டெல்லெஸ் என்ற கூட்டு நிறுவனம் அமைந்தது. அயோவா மாநிலம் கிளின்டனில், ஏ.டி.எம்.மின் சோள ஆலைக்கு அருகிலேயே தொழிற்சாலை. சர்க்கரைச் சிக்கலுக்கு இதைவிட நல்ல தீர்வு இருக்க முடியாது. ஆலையின் திறன் ஆண்டுக்கு 50,000 டன்.

அந்த எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். சில நூறு டன்னிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு ஒரே தாவு. சிறிய ஆலையில் விலை இறங்காது என்ற பழைய பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள், அதில் தப்பில்லை. ஆனால் கட்டி முடிப்பதற்குள் தாமதம் ஆனது. இடையில் 2008-இல் எண்ணெய் பீப்பாய் 147 டாலருக்கு ஏறி, அதே ஆண்டு முடிவதற்குள் 40-க்கும் கீழே விழுந்தது. 2010 வாக்கில் ஆலை ஓடத் தொடங்கியபோது, மிரெல் என்று பெயரிட்ட சரக்கு கிலோ சுமார் 5 டாலர். 16-லிருந்து 5 என்பது பெரிய சாதனை. வாங்குகிறவரோ அதைப் பழைய பயோபாலுடன் ஒப்பிடவில்லை, பாலித்தீனுடன் ஒப்பிட்டார். அதுபோக, ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன் எந்திரத்தில் ஓட்டிப்பார்த்து, அச்சை மாற்றி, சோதித்து முடிக்க மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு. ஐம்பதாயிரம் டன் ஆலை அத்தனை நாள் பாதி வயிற்றோடு காத்திருக்க முடியாது.

2012 ஜனவரியில் ஏ.டி.எம். விலகியது. முதலீடும் உற்பத்திச் செலவும் எப்படிப் போகும் என்று உறுதியில்லை, சந்தையும் எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை என்பது அது சொன்ன காரணம். 2016-இல் மெட்டபோலிக்ஸ் தன் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தைக் கொரியாவின் சி.ஜே. நிறுவனத்துக்கு 1 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் பயிர் ஆராய்ச்சிக்குப் போய்விட்டது.

பின்விளைவுகள்

சி.ஜே. 2022-இல் இந்தோனேசியாவின் பசுருவானில் ஆண்டுக்கு 5,000 டன் ஆலையைத் தொடங்கியது. கிளின்டன் ஆலையின் திறனில் பத்தில் ஒரு பங்கு. அங்கே வரும் சரக்கில் முக்கியமானது படிகமே ஆகாத மெத்தென்ற வகை. தனியாகப் பொருள் செய்ய அல்ல, மற்ற மக்கும் பிளாஸ்டிக்குகளில் கலந்து அவற்றை வளையவும் மக்கவும் வைக்க.

இன்னொரு கிளைக்கதை உண்டு. மெட்டபோலிக்ஸிலிருந்து பிரிந்த டெஃபா என்ற சிறு நிறுவனம், அதே குடும்பத்துப் பாலிமர் ஒன்றை மரபணு மாற்றிய ஈ. கோலையில் செய்து, உடலுக்குள் தானே கரையும் அறுவைத் தையல் நூலாக்கியது. 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. கிரேஸ் நிறுவனம் 1960 வாக்கில் பார்த்துவிட்டுக் கைவிட்ட அதே யோசனை. நூல் சில கிராம். அதில் பிளாஸ்டிக்கின் கிலோ விலை எவ்வளவு என்று எந்த அறுவை மருத்துவரும் கேட்பதில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால்

முதல் பொருளாக பாட்டிலை எடுத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. விலைப் போட்டி கடுமையாக உள்ள இடம், மக்குவது மெதுவாக நடக்கும் தடிமன், அதிலும் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யக்கூடிய பொருள். மூன்று வகையிலும் தவறு. திரும்ப எடுக்கவே முடியாமல் மண்ணிலோ நீரிலோ உடலிலோ தங்கிவிடும் மெல்லிய பொருள்கள் வேறு எத்தனையோ உண்டு: வயலில் விரிக்கும் நிலப்போர்வைத் தாள், காகிதக் கோப்பையின் உள்பூச்சு, மெதுவாகக் கரையும் உரத்தின் மேலுறை. மக்கும் குணத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க அங்கே காரணம் இருக்கிறது. பாட்டிலை எடுத்தால் செய்தி வரும் என்பது உண்மைதான்; செய்தி வந்தது.

பிரித்தெடுக்கும் குழுவைத் தொட்டிக் குழுவோடு முதல் நாளிலேயே உட்காரவைக்க வேண்டும். எந்தப் பாக்டீரியா என்று தேர்ந்தெடுக்கும்போதே, அதன் செல் எவ்வளவு எளிதாக உடையும், உருண்டை எவ்வளவு பெரிது என்பதும் மதிப்பெண் பட்டியலில் இருக்க வேண்டும். விளைச்சலில் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கிடைப்பதைவிட, ஒரு கழுவும் படி குறைவது சில சமயம் லாபம்.

ஆலையின் அளவு விஷயத்தில் நான் கிளின்டன் குழுவை அவ்வளவு குறைசொல்ல மாட்டேன். 5,000 டன்னில் தொடங்கியிருந்தால் விலை 5 டாலருக்கு வந்திருக்காது, அப்போது வேறு யாராவது அதைக் குறைசொல்லியிருப்பார்கள். ஆனால் வாடிக்கையாளர் எந்திரத்தில் நடக்கும் சோதனைக்கு ஆகும் காலத்தையும் கட்டுமானக் கால அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது, வேதிமாற்றம் செய்யாத இயற்கைப் பாலிமர்களுக்கு விலக்கு அளித்தது. பாக்டீரியாவின் வயிற்றில் விளைவது இயற்கைதானே என்று துறையினர் எதிர்பார்த்தார்கள். 2021-இல் வந்த வழிகாட்டுதல், தொழிற்சாலைத் தொட்டியில் நொதித்தல் மூலம் உருவாவதை இயற்கைப் பாலிமராகக் கொள்ள முடியாது என்றது. லெமுவான் பார்த்த அதே உருண்டை, தொட்டியில் விளைந்தால் அங்கே சட்டப்படி பிளாஸ்டிக். இன்று ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருளுக்குத் திட்டம் போடுகிறவர்கள் விற்கப்போகும் நாட்டில் இந்த ஒரு வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டி வாங்க வேண்டும்.